பி.டி. பீரியடும் தமிழ் பீரியடும் ஒரே டீச்சருக்கு

தமிழ்நாட்டில் ஒன்று முதல் ஐந்து வரை பாடம் நடத்த விரும்புகிறவர் எழுத வேண்டியது ஆசிரியர் தகுதித் தேர்வின் முதல் தாள். மொத்தம் 150 கேள்விகள். குழந்தை மேம்பாடும் கற்பித்தல் முறையும் 30, தமிழ் (அல்லது தெலுங்கு, உருது போன்ற வேறொரு மொழி) 30, ஆங்கிலம் 30, கணிதம் 30, சூழ்நிலையியல் 30. மொழிக்கு மட்டும் 60 மதிப்பெண் போகிறது. உடற்கல்விக்கு ஒரு கேள்விகூடக் கிடையாது. ஆனால் அதே ஆள் தேறி, பணி ஆணை வாங்கி, கோவில்பட்டிப் பக்கம் ஏதாவது ஒரு ஊராட்சி ஒன்றியத் தொடக்கப் பள்ளியில் போய்ச் சேர்ந்தால், அன்றைக்கே அவர்தான் அங்கே பி.டி. டீச்சரும். வேறு ஆள் கிடையாது.

ஏன் கிடையாது என்பதற்குச் சட்டத்திலேயே பதில் இருக்கிறது. 2009ஆம் ஆண்டின் கல்வி உரிமைச் சட்டத்து அட்டவணைப்படி, தொடக்கப் பள்ளியில் 60 பிள்ளைகள் வரை இரண்டு ஆசிரியர்கள். கலைக்கும் உடற்கல்விக்கும் தனியாகப் பகுதிநேரப் பயிற்றுநர் என்பது ஆறு முதல் எட்டு வகுப்புகளுக்கு, அதுவும் 100 பிள்ளைகளுக்கு மேல் இருந்தால்தான். தமிழ்நாடு 2012இல் 16,549 பகுதிநேர ஆசிரியர்களை மாதம் 5,000 ரூபாய் சம்பளத்தில் எடுத்தபோதும் அவர்கள் போனது ஆறாம் வகுப்புக்கு மேலேதான். கரிசல் காட்டுக் கிராமங்களில் பெரும்பாலானவை ஈராசிரியர் பள்ளிகள். ஒருவர் தலைமை ஆசிரியர், மற்றவர் உதவி ஆசிரியர். ஐந்து வகுப்பையும் இருவரும் பங்கு போட்டுக்கொள்வார்கள். எச்.எம். அலுவலக வேலையாகக் கோவில்பட்டிக்குப் போய்விட்டால் மீதி ஆள் ஒருவர்தான்.

ஆக, இந்த ஆசிரியரை எப்படித் தயார் செய்கிறோம் என்று பார்ப்போம்.

பாதை இதுதான். பிளஸ் டூ முடித்து இரண்டு ஆண்டு தொடக்கக் கல்விப் பட்டயப் படிப்பு. ஒரு காலத்தில் இடைநிலை ஆசிரியர் பயிற்சி என்று சொன்னோமே, அதன் இன்றைய பெயர். தூத்துக்குடி மாவட்டத்துக்கான அரசு நிறுவனம் கோவில்பட்டிக்குப் பக்கத்திலேயே, வானரமுட்டியில் இருக்கிறது: மாவட்ட ஆசிரியர் கல்வி மற்றும் பயிற்சி நிறுவனம், சுருக்கமாக டயட். 1986ஆம் ஆண்டின் தேசியக் கல்விக் கொள்கை மாவட்டத்துக்கு ஒன்று வேண்டும் என்று சொன்னதிலிருந்து வந்த அமைப்பு இது. புதிய ஆசிரியர்களை உருவாக்குவதோடு, ஏற்கெனவே வேலை பார்க்கிறவர்களுக்குப் பணியிடைப் பயிற்சி கொடுப்பதும் அதன் பொறுப்பு. பட்டயப் படிப்பில் தமிழ் கற்பித்தலும் ஆங்கிலம் கற்பித்தலும் எழுத்துத் தேர்வுக்குரிய பாடங்கள். உடற்கல்வி செய்முறையும் பதிவேடும் அகமதிப்பீடுமாக முடிந்துவிடும். எந்தப் பாடத்துக்குத் தேர்வு கடினமோ அதற்குத்தான் மாணவர்கள் இரவில் விழித்திருப்பார்கள். இதில் மாணவர்களைக் குறை சொல்லிப் பயனில்லை.

அதனால் மொழி கற்பிக்க நன்றாகத் தயாராகிவிடுகிறார்கள் என்று எண்ண வேண்டாம். தேர்வுக்குத் தயாராவது வேறு, ஆறு வயதுப் பிள்ளையின் முன்னால் நிற்பது வேறு.

கரிசல் பிள்ளை கொண்டுவரும் மொழி

இந்த வட்டாரத்தில் ஒன்றாம் வகுப்புக்கு வரும் பிள்ளைகளில் கணிசமானவர்கள் வீட்டில் தெலுங்கு பேசுகிறவர்கள். அந்தத் தெலுங்கை அவர்கள் எழுதுவதில்லை. பேச்சில் மட்டும் தலைமுறை தலைமுறையாக இருந்து வருகிறது. 2006ஆம் ஆண்டின் தமிழ் கற்றல் சட்டத்துக்குப் பிறகு ஒன்றாம் வகுப்பிலிருந்து தமிழ் எல்லாருக்கும் கட்டாயப் பாடம். ஆங்கிலமும் ஒன்றாம் வகுப்பிலேயே தொடங்குகிறது. ஆக, ஆறு வயதில் அந்தப் பிள்ளை வீட்டுத் தெலுங்கு, தெருவில் பேசும் கரிசல் தமிழ், புத்தகத் தமிழ், ஆங்கிலம் என்று நான்குக்கு நடுவே நிற்கிறது. இதைப் பாரமாக எண்ணும் ஆசிரியரும் உண்டு. அது தவறு. கரிசல் வட்டார வழக்குக்கு அகராதி தொகுத்த இடைசெவல் கி. ராஜநாராயணனின் வீட்டு மொழி தெலுங்குதான்.

தமிழே வீட்டு மொழியாக உள்ள பிள்ளைக்கும் புத்தகம் சட்டென்று கைகொடுக்காது. காடு என்று எழுதிச் சிங்கம் படம் போட்டிருக்கும். பிள்ளை கேட்கும்: "எங்கப்பா டெய்லி காட்டுக்குத்தான டீச்சர் போறாக?" இங்கே காடு என்றால் பருத்தியும் கம்பும் உளுந்தும் விளையும் புஞ்சை. ஏரி என்று எழுதியிருந்தால் அது எதுவென்று தெரியாமல் விழிக்கும். பிள்ளை பார்த்திருப்பது கண்மாய். இந்த இடத்தில் "அது தப்பு, இதுதான் சரி" என்று சொல்லிவிடும் ஆசிரியருக்கு அதன்பிறகு அந்தப் பிள்ளை வாயைத் திறக்காது. "உங்க ஊர்ல இது காடு, புத்தகத்துல அதுவும் காடு, ரெண்டையும் வரைஞ்சு காட்டு" என்று சொல்லத் தெரிந்தவரே மொழி ஆசிரியர். 2005ஆம் ஆண்டின் தேசியக் கலைத்திட்டக் கட்டமைப்பும் பிள்ளையின் வீட்டு மொழியை வகுப்பறையின் வளமாகக் கொள்ளத்தான் சொல்கிறது. அதைத் தேர்வில் ஐந்து மதிப்பெண் வினாவாக எழுதிவிடலாம். வகுப்பில் செய்ய ஒத்திகை வேண்டும்.

அடுத்து ஆசிரியரின் நாக்கு. இதை யாரும் வெளிப்படையாகப் பேசுவதில்லை. தென்மாவட்டங்களில் பேச்சில் ழ பெரும்பாலும் ள ஆகிவிடும். பழம் பளமாகும், மழை மளையாகும். பயிற்சிக்கு வரும் மாணவ ஆசிரியர்களும் இதே ஊர்க்காரர்கள்தானே? அவர் நாக்கில் வராத ஒலியைப் பிள்ளையின் காது எங்கிருந்து பிடிக்கும்? ள சொல்லும்போது நாக்கின் நுனி வளைந்து மேலண்ணத்தைத் தொடுகிறது. ழ சொல்லும்போது அதே போல் வளைந்து, தொடாமல் நிற்கிறது. அவ்வளவுதான் வித்தியாசம். இதைக் கண்ணாடி முன்னால் நின்று ஒரு வாரம் பழகினால் வந்துவிடும். ஆனால் பழகச் சொல்லி ஒருவர் கேட்க வேண்டும், வந்ததா என்று காது கொடுக்கவும் வேண்டும். வீட்டிலும் தெருவிலும் அவர் எப்படிப் பேசினாலும் அது அவர் மொழி. வகுப்பில் இரண்டு ஒலியும் கைவசம் இருக்க வேண்டும் என்பதே கோரிக்கை.

எழுத்துக் கற்பிப்பதில் அ, ஆ என்று வரிசையாகத் தொடங்குவது ஒரு வழி. ட, ப, ம போல எழுத எளிதான வடிவங்களில் தொடங்கி, மூன்று எழுத்திலேயே படம், மடம், பட்டம் என்று சொற்களுக்குப் போய்விடுவது இன்னொரு வழி. இரண்டாவதில் பிள்ளைக்கு முதல் வாரத்திலேயே வாசித்த சந்தோஷம் கிடைக்கிறது. நான் அந்தக் கட்சி.

ஆங்கிலத்தில் சிக்கல் வேறு. எழுத்தின் பெயர் ஒன்று, அது தரும் ஒலி மற்றொன்று. பூனைக்கான ஆங்கிலச் சொல்லை சி, ஏ, டி என்று எழுத்துக் கூட்டச் சொன்னால் பிள்ளைக்கு 'சியேடி' என்றுதான் வரும். 'கேட்' எப்படி வரும்? ஒலிகளைச் சொல்லிக்கொடுத்து அவற்றைச் சேர்க்கப் பழக்குவதே ஃபோனிக்ஸ் முறை. இதற்கும் ஆசிரியர் முதலில் தானே ஒலித்துப் பழக வேண்டும். மேல்பல் கீழுதட்டில் படாமல் எஃப் வராது.

2022 ஜூனில் அரசு தொடங்கிய 'எண்ணும் எழுத்தும்' திட்டம் ஒரு நல்ல காரியம் செய்தது. வகுப்பு எதுவானாலும் பிள்ளை எந்த நிலையில் இருக்கிறதோ அங்கிருந்து தொடங்கு என்று அரும்பு, மொட்டு, மலர் என மூன்று நிலைகளைப் பிரித்தது. ஆசிரியருக்குக் கையேடு கொடுத்தது. பாட்டும் கதையும் வகுப்புக்குள் வந்தன. ஆனால் அதன் இலக்கு எழுத்தும் எண்ணும்தான். ஓட்டமும் தாவலும் அங்கே உத்திகளாக வருகின்றன, பாடமாக வரவில்லை.

ஹாக்கி ஊரின் தொடக்கப் பள்ளி

கோவில்பட்டியை ஹாக்கி ஊர் என்று சொல்வார்கள். கிருஷ்ணா நகரில் செயற்கைப் புல்தளம் இருக்கிறது. தமிழ்நாடு விளையாட்டு மேம்பாட்டு ஆணையத்தின் விடுதி இருக்கிறது. ஆண்டுதோறும் லட்சுமி அம்மாள் நினைவு அகில இந்தியப் போட்டிக்கு வெளி மாநில அணிகள் வரும். 2022 ஆசியக் கோப்பையில் வெண்கலம் வென்ற இந்திய அணியில் இந்த ஊர்க்காரர் மாரீஸ்வரன் சக்திவேல் ஆடினார். அரியலூர்க்காரரான கார்த்தியும் இந்த விடுதியில் பயின்று அதே அணிக்குப் போனவர்தான்.

விளையாட்டு விடுதிகளில் சேர்க்கை ஏழாம் வகுப்பிலிருந்து தொடங்குகிறது. அதற்கு முந்தைய ஆறு ஆண்டுகளில் அந்தப் பிள்ளையின் காலும் கையும் என்ன கற்றன? ஓடிக்கொண்டே திரும்ப, சட்டென்று நிற்க, ஒற்றைக் காலில் நிற்க, தாவி இறங்கும்போது முழங்காலை மடக்க, பந்து வருகிற திசையைக் கண் பிடிக்க, எறிய, பிடிக்க. இவை அடிப்படை அசைவுத் திறன்கள். ஆறிலிருந்து பத்து வயதுக்குள் வாய்த்தால் எளிதாக வாய்க்கும். இதைக் கற்பிக்க ஹாக்கி மட்டை வேண்டாம், பயிற்சியாளரும் வேண்டாம். தொடக்கப் பள்ளி ஆசிரியர் போதும், அவருக்குத் தெரிந்திருந்தால்.

உடற்கல்வி ஆசிரியர்களை உருவாக்க நம்மிடம் இடமில்லாமல் இல்லை. ஹாரி குரோ பக் 1920இல் சென்னையில் தொடங்கிய ஒய்.எம்.சி.ஏ. உடற்கல்வியியல் கல்லூரி ஆசியாவின் முதல் உடற்கல்விக் கல்லூரி. நம் மாவட்டத்திலேயே திருச்செந்தூரில் டாக்டர் சிவந்தி ஆதித்தனார் உடற்கல்வியியல் கல்லூரி இருக்கிறது. ஆனால் அங்கே படித்து வருகிறவர்களுக்கான வேலை உயர்நிலை, மேல்நிலைப் பள்ளிகளில். ஐந்தாம் வகுப்புக்குக் கீழே அவர்கள் வருவதில்லை. கீழே இருக்கும் டீச்சருக்குத் தெரிந்த உடற்கல்வி, தான் பள்ளியில் படித்தபோது செய்த கூட்டு உடற்பயிற்சி: வரிசை, இடைவெளி, ஒன்று, இரண்டு, மூன்று, நான்கு. இல்லாவிட்டால் ஒரு பந்தைக் கொடுத்து "போய் விளையாடுங்க". அல்லது, எல்லாருக்கும் தெரிந்த வழக்கப்படி, பி.டி. பீரியடைக் கணக்குக்குக் கொடுத்துவிடுவது.

ஐந்து வயது முதல் பதினேழு வயது வரை உள்ளவர்கள் சராசரியாக நாளுக்கு 60 நிமிடமாவது மூச்சு வாங்க உடலை அசைக்க வேண்டும் என்கிறது உலக சுகாதார நிறுவனம். முப்பது பிள்ளைகள், ஒரு பந்து, ஒரு வரிசை என்று வைத்தால் நாற்பது நிமிட வகுப்பில் ஒரு பிள்ளை அசைந்தது எத்தனை நிமிடம்? பெரும்பாலும் நின்றிருக்கும். முப்பதை ஆறு குழுவாகப் பிரித்து, ஆறு துணிப்பந்து கொடுத்தால் எல்லாரும் அசைவார்கள். பழைய துணியைச் சுருட்டி நூலால் இறுக்கிக் கட்டினால் பந்து. மேலே பட்டாலும் வலிக்காது, உருண்டும் ஓடாது. பயிற்சி நிறுவனத்தில் கற்றுக்கொடுக்க வேண்டியது இந்த மாதிரிச் சின்ன விஷயங்களையே.

இன்னொன்று, தோற்றவரை வெளியேற்றும் ஆட்டங்கள். இசை நாற்காலியை எடுத்துக்கொள்ளுங்கள். முதலில் வெளியேறுவது மெதுவாக ஓடும் பிள்ளை, கடைசி வரை ஆடுவது நன்றாக ஓடும் பிள்ளை. யாருக்குப் பயிற்சி வேண்டுமோ அவர் சுவரோரம் உட்கார்ந்திருக்கிறார். விதியை மாற்றினால் போதும். வெளியேறியவர் மரத்தைத் தொட்டுவிட்டுப் பத்து முறை குதித்து மறுபடி உள்ளே வரலாம். நான்காம், ஐந்தாம் வகுப்பில் பெண் பிள்ளைகள் மெல்ல ஒதுங்கத் தொடங்குவதையும், கால் ஊனமான பிள்ளையை ஸ்கோர் எழுத உட்கார வைத்துவிடுவதையும் இதே கண்ணோடுதான் பார்க்க வேண்டும். ஆட்டம் பிள்ளைக்கு ஏற்ப வளையட்டும்.

தரையைப் பற்றியும் சொல்ல வேண்டும், ஏனென்றால் பாடநூல் அதைச் சொல்லாது. கரிசல் மண் ஈரத்தில் உப்பும், காய்ந்தால் சுருங்கும். ஐப்பசி, கார்த்திகையில் மைதானம் காலோடு அப்பிக்கொண்டு வரும். கோடையில் குழந்தையின் பாதம் இறங்கும் அளவுக்கு வெடிப்பு விட்டிருக்கும். சுற்றிலும் சீமைக்கருவேல முள். பாதிப் பிள்ளைகள் வெறுங்காலோடு இருப்பார்கள். ஆகவே ஆட்டத்துக்கு முன்னால் தரையைப் பார்வையிடுவது இங்கே பாடத் திட்டத்தின் முதல் வரி. ஓடும் பகுதியில் சரள் அடித்துக் கெட்டிப்படுத்த ஊராட்சியைக் கேட்கலாம். வெயில் ஏறும் முன் காலையில் முதல் பீரியடிலோ, சாயங்காலம் கடைசி பீரியடிலோ பி.டி.யை வைக்கலாம். மழை நாளுக்கு வராந்தா ஆட்டங்கள் நான்கைந்து கைவசம் இருக்க வேண்டும். காலை உணவுத் திட்டம் 2023இல் அரசுத் தொடக்கப் பள்ளிகள் எல்லாவற்றுக்கும் விரிந்த பிறகு, பசியோடு ஓடிப் பிள்ளை மயங்கி விழுமோ என்ற பயம் குறைந்திருக்கிறது.

ஒரே பாடமாகச் செய்வது

மொழியையும் உடற்கல்வியையும் இரண்டு தனித் தாள்களாக அல்லாமல், ஒரே ஆசிரியரின் ஒரே வேலையாகப் பழக்க வேண்டும் என்பது என் கட்சி. ஈராசிரியர் பள்ளியில் நேரம் இல்லை என்பது ஒரு காரணம். அதைவிடப் பெரிய காரணம், இந்த வயதில் மொழி உடம்பு வழியாக எளிதில் ஏறுகிறது என்பது. ஜேம்ஸ் ஆஷர் என்ற அமெரிக்க உளவியலாளர் 1960களில் இதையே ஒரு கற்பித்தல் முறையாக வகுத்தார். கட்டளையைக் கேட்டு உடலால் செய்து காட்டினால் போதும், பேச்சு பின்னால் வரும் என்பது அவர் வாதம்.

ஒன்றிரண்டு கயிறு போதும் என்று சொன்னால் நம்ப மாட்டீர்கள். இரண்டு பிள்ளைகள் கயிற்றை முழங்கால் உயரத்தில் பிடிக்கட்டும். 'ஜம்ப் ஓவர் த ரோப்.' தாவுகிறார்கள். கயிறு இடுப்பு உயரத்துக்குப் போகிறது. 'கோ அண்டர் த ரோப்.' குனிந்து போகிறார்கள். இரண்டு கயிறு போட்டு 'ஸ்டாண்ட் பிட்வீன் த ரோப்ஸ்.' தமிழில் இடத்தைக் காட்டும் சொல் பெயருக்குப் பின்னால் வரும், ஆங்கிலத்தில் முன்னால் வரும். இதைக் கரும்பலகையில் விளக்கினால் ஐந்தாம் வகுப்புக்கும் புரியாது. கயிற்றைத் தாண்டியவருக்கு விளக்கமே தேவையில்லை. மூன்றாவது நாளிலிருந்து கட்டளையைப் பிள்ளைகளே மாறி மாறிச் சொல்ல வேண்டும். அப்போதுதான் கேட்ட மொழி பேசும் மொழியாகும்.

தமிழுக்கு நம் பாண்டிக் கட்டமே இருக்கிறது. தரையில் மூன்று பெரிய கட்டங்கள், உள்ளே ல, ள, ழ. டீச்சர் "பள்ளி" என்றால் ள கட்டத்தில் நொண்டியடித்து நிற்க வேண்டும். "பல்லி" என்றால் ல. "வழி" என்றால் ழ. தவறினால் வெளியேற்றம் இல்லை, ஒரு சுற்று நொண்டிவிட்டு வரலாம். காதுக்குப் பயிற்சி, ஒற்றைக் காலில் உடலை நிறுத்தும் பயிற்சி, கூடவே டீச்சரின் நாக்குக்கும் பயிற்சி. அவர் தவறாக ஒலித்தால் பிள்ளைகள் இரண்டு கட்டத்துக்கும் பிரிந்து ஓடுவார்கள், உடனே தெரிந்துவிடும்!

எல்லாவற்றையும் கலந்துவிடலாம் என்று சொல்லவில்லை. வாசிப்புக்கு அமைதி வேண்டும், உட்கார வேண்டும். கிளித்தட்டு ஆடும்போது நடுவில் நிறுத்தி எழுத்துச் சொல்லச் சொன்னால் ஆட்டமும் போச்சு, பிள்ளைகள் ஆசிரியரை மன்னிக்கவும் மாட்டார்கள். வாரத்தில் ஒரு வகுப்பாவது ஆட்டத்துக்காகவே ஆட்டமாக இருக்கட்டும்.

பயிற்சிக் காலத்தில் இதைச் சோதிக்க ஒரு எளிய வழி உண்டு. மாணவ ஆசிரியர் வகுப்பெடுக்கும்போது உடன்படிப்பவர் ஒருவர் ஏதாவது ஒரு பிள்ளையை மட்டும், முக்கியமாகப் பின்வரிசைப் பிள்ளையை, முழு வகுப்பும் கவனிக்கட்டும். எத்தனை நிமிடம் அசைந்தது, எத்தனை முறை வாய் திறந்து பேசியது, இரண்டையும் கோடு போட்டு எண்ணட்டும். பாடக்குறிப்பு ஏட்டின் அழகான அட்டையைவிட அந்தக் கோடுகள் பயிற்றுநருக்கு அதிகம் சொல்லும்.

பணியில் இருப்பவர்களுக்கான பயிற்சியின் கதை வேறு. மாநிலத்தில் சிலருக்குச் சொல்லி, அவர்கள் மாவட்டத்தில் சிலருக்குச் சொல்லி, அவர்கள் வட்டார வள மையத்தில் சொல்லி, கடைசியில் குறுவள மையக் கூட்டத்தில் ஆசிரியர் காதுக்கு வரும்போது செய்முறை வீடியோவாகியிருக்கும். உடம்பால் கற்க வேண்டியதை உட்கார்ந்து பார்ப்பார்கள். இதற்கு நடுவே 2025 செப்டம்பர் 1 அன்று உச்ச நீதிமன்றம், ஓய்வுக்கு ஐந்து ஆண்டுகளுக்கு மேல் உள்ள ஆசிரியர்கள் இரண்டு ஆண்டுக்குள் தகுதித் தேர்வில் தேற வேண்டும் என்று தீர்ப்பளித்தது. இருபது ஆண்டு அனுபவமுள்ளவர்களும் மறுபடி வழிகாட்டி நூல்களைத் தூக்கிக்கொண்டு அலைய வேண்டிய நிலை. அவர்கள் படிக்கப்போவது, முதலில் சொன்ன அந்த 150 கேள்விகளுக்கு. உடற்கல்விக்கு அதில் என்ன இடம் என்பதைப் பார்த்தோம்.

சரி, வெளியிலிருந்து பயிற்சியாளர்களை அனுப்பினால்? இங்கிலாந்து 2013இல் தொடக்கப் பள்ளிகளின் விளையாட்டுக்கென்றே தனி நிதி கொடுக்கத் தொடங்கியது. அதில் நிறைய வெளிப் பயிற்சியாளர்களுக்கே போகிறது, வகுப்பாசிரியர் ஒதுங்கிக்கொள்கிறார் என்ற விமர்சனம் அங்கே எழுந்தது. நம் பக்கத்து மேல்நிலைப் பள்ளி உடற்கல்வி ஆசிரியர் மாதம் ஒருமுறை வரட்டும், நல்லதுதான். ஆனால் அவர் ஆட, டீச்சர் வேடிக்கை பார்ப்பதாக இருக்கக் கூடாது. டீச்சர் நடத்த, அவர் திருத்துவதாக இருக்க வேண்டும்.

பெற்றோருக்கு ஒரு வார்த்தை. பள்ளி மேலாண்மைக் குழுக் கூட்டத்துக்குக் கூப்பிட்டால் போங்கள். ஒருங்கிணைந்த பள்ளிக் கல்வித் திட்டத்தில் தொடக்கப் பள்ளிக்கு விளையாட்டுப் பொருள்களுக்கென்று ஆண்டுக்கு 5,000 ரூபாய் ஒதுக்கீடு உண்டு. அதில் என்ன வாங்கினார்கள், அது பீரோவில் இருக்கிறதா பிள்ளைகள் கையில் இருக்கிறதா, பி.டி. பீரியட் எந்தக் கிழமை, அன்றைக்கு உண்மையில் என்ன நடந்தது என்று கேளுங்கள். டீச்சரைக் குற்றம் சாட்டும் தொனியில் கேட்க வேண்டாம். அவருக்கு இதை யாரும் ஒழுங்காகக் கற்றுக்கொடுக்கவில்லை. ஆனால் கேளுங்கள்.